புரபோசலா? முதல்ல கிணத்தை எட்டிப் பாருங்க!

ஃபைனல் இயர் மக்களே, "புரபோசல் கொடுத்தாச்சா?"ன்னு கேட்டா ஏன் எல்லாரும் வானத்தைப் பார்க்கறீங்க? சிலர் நைஸா மதுரைக்கு பஸ் ஏறி, புராஜெக்ட் சென்டர்ல ரெடிமேட் சட்டை மாதிரி ஒண்ணை வாங்கிட்டு வந்துடறாங்க. சட்டை சைஸ் சரியா இருக்கும். ஆனா வைவால "ஏன் இதை எடுத்தே?"ன்னு கேட்டா பட்டன் தெறிச்சுடும்!

கேள்வி நம்ம ஊர்லயே கிடக்கு பாஸ். பூட்டு, பிரியாணிக்கு அடுத்து திண்டுக்கல்னா தோல் ஷாப்தான். டி.செல்வராஜ் 'தோல்'னு நாவலே எழுதி, 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பிலும் நம்ம ஊர் பெயர் இருக்கு. 2005-ல் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், இங்கே சுமார் 80 தோல் ஷாப் இருந்ததாகவும், நிலத்தடி நீர் கெட்டுப் போனதுக்கு உப்பு முக்கியக் காரணம்னும் எழுதினாங்க.

உப்பு எங்கிருந்து வந்துச்சு? பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. ஷாப்ல ஊற வைக்கும்போது அது தண்ணியோட வெளியேறும். சாதாரண சுத்திகரிப்பு அழுக்கைக் குறைக்கும், கரைஞ்ச உப்பைக் குறைக்காது. அதுக்கு ஆர்.ஓ. மாதிரி தனி ஏற்பாடு வேணும்.

இதைப் படிச்ச உடனே "திண்டுக்கல் மாவட்ட நிலத்தடி நீர் மாசு - ஓர் ஆய்வு"ன்னு தலைப்பு போடத் தோணுமே... போடாதீங்க. அது பத்து விஞ்ஞானிகள், ரெண்டு ஜீப் கேட்கிற வேலை. உங்ககிட்ட இருக்கறது ஒரு பைக், மூணு டீம்மேட் (அதுல ஒருத்தன் எப்பவும் வரமாட்டான்). ஸோ, கேள்வியைச் சுருக்குங்க: "வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கிணத்துத் தண்ணியில உப்பு குறையுதா? தோல் ஷாப் பக்கத்துக் கிணத்துலயும் தள்ளியிருக்கிற கிணத்துலயும் ஒரே அளவு குறையுதா?"

இப்போ மத்ததெல்லாம் தானா வரும். பக்கத்துல ஆறு, தள்ளி ஆறுன்னு மொத்தம் 12 கிணறு. எல்லாமே திறந்த கிணறு. நடுவுல போர்வெல்லைக் கலந்தா கணக்கு குழம்பிடும். மழைக்கு முன்னாடி ஒருதரம், பின்னாடி ஒருதரம் அதே கிணறுகள்ல அளக்கணும். பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் போதும், சில நூறு ரூபாயிலயே கிடைக்குது. குரோமியம் பார்க்கணும்னு ஆசை வந்தா, அதுக்கான கருவி காலேஜ்ல இருக்கான்னு கேட்டுட்டு எழுதுங்க. ஒப்பிட அளவுகோல் ரெடியா இருக்கு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரை.

கைடு நிச்சயம் மடக்குவார்: "அந்த உப்பு தோல் ஷாப்ல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றே?" நியாயமான கேள்வி. உரத்துல இருந்து வரலாம், சாக்கடையில இருந்து வரலாம், பாறையில இருந்தேகூட வரலாம். மேட்டுப் பக்கம், தோல் ஷாப்பும் சாக்கடையும் இல்லாத இடத்துல ரெண்டு கிணத்தைச் சேர்த்துக்கோங்க. அப்பவும் "காரணம் இதுதான்"னு அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த வரியையும் புரபோசல்ல எழுதிடுங்க. மார்க் குறையாது, வைவால உங்களைக் காப்பாத்தப் போறதே அதுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் உஷார். நம்ம புராஜெக்ட் செமஸ்டர் சூடு பிடிக்கும்போது மழை முடிஞ்சிருக்கும். 'முன்னாடி' அளவை செப்டம்பர்லயே எடுத்தாகணும். அப்படின்னா ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்துலயே புரபோசல் கைடு மேஜையில இருக்கணும். அக்டோபர்ல போய் மழையை நிறுத்தச் சொல்ல முடியாதே!

கால அட்டவணையில கடைசி வாரத்துக்கு நேரா இதையும் எழுதுங்க: 'ஒவ்வொரு கிணத்துக்காரருக்கும் அவர் கிணத்து அளவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல்'. கிணத்துப் பக்கம் போனதும் அவங்க முதல்ல கேட்கப் போறதே, "தம்பி, இதைக் குடிக்கலாமா?"ன்னுதான்.