குரல் நடுங்கினால் என்ன?

ரேடியோவில் பேசுகிறவருக்குக் குரல்தானே மூலதனம், அது கெட்டுப்போனால் அவர் கௌரவமாக விலகிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுமே இவ்வாறு கேட்கிறார்கள். கேள்வி நியாயம் போலத் தோன்றலாம். நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

வாஷிங்டன் நகரத்து ரேடியோ நிலையமொன்றில் 1973-ல் சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தவர் டயேன் ரீம் அம்மையார். சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவரல்லர். 1979-ல் காலை நிகழ்ச்சி ஒன்றை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ராஜதந்திரிகள், நூலாசிரியர்கள், விஞ்ஞானிகள் முதலியோரை அழைத்துக் கேள்வி கேட்பதும், ஜனங்கள் டெலிபோன் மூலம் கேள்வி கேட்க இடங்கொடுப்பதும் அந்நிகழ்ச்சியின் போக்கு. 1990-களில் அது தேசமெங்கும் ஒலிபரப்பாயிற்று. புகழ் ஓங்கிய அதே காலத்தில் அம்மையாரின் தொண்டை அவரைக் கைவிடத் தொடங்கியது. குரல் நடுங்கிற்று, வார்த்தை பாதியில் நெரிந்து நின்றது. 1998-ல் நிலைமை முற்றி, சில மாதங்கள் ஒலிபரப்பையே விட்டு விலகியிருக்க நேர்ந்தது.

வைத்தியர்கள் அந்த வருஷந்தான் வியாதியின் பெயரைச் சொன்னார்கள்: ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா. குரல்நாண்களை இயக்கும் தசைகள் மூளையிலிருந்து வரும் பிசகான உத்தரவினால் தாமாகவே இறுகிக்கொள்ளும் நரம்பு வியாதி அது. புத்திக்கு அதனால் யாதொரு குறைவும் நேராது. பூரண குணத்துக்கு வழியும் இல்லை. பொட்டுலினம் என்ற கடும் விஷத்தை மிகச் சொற்ப அளவில் குரல்நாண் தசையில் ஊசி மூலம் ஏற்றினால் சில மாதங்களுக்கு இறுக்கம் தளரும். ஊசியின் பலன் குறைந்தபின் மறுபடியும் ஊசி. ஊசி போட்ட புதிதில் குரல் வெறுங் காற்றாய்ப் போய்விடுவதும் உண்டு.

இந்தத் தொண்டையோடு அம்மையார் ஒலிபெருக்கி முன் திரும்பி வந்தார். வியாதியை மறைக்கவில்லை, பெயரைச் சொல்லி, தன்மையை விளக்கி, 1999-ல் தம் கதையைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார். அந்தக் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் வாரந்தோறும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் அவருடைய நிகழ்ச்சியைக் கேட்டு வந்தார்கள். 2014-ல் ஜனாதிபதி ஒபாமா தேசிய மானிடக் கலைப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். 2016 டிசம்பரில், 80 வயதில், தாமாகவே அந்நிகழ்ச்சியிலிருந்து ஓய்வு பெற்றார். அதாவது, வியாதி வெளிப்பட்ட பின் 18 வருஷ காலம், நடுங்கும் குரலிலேயே அவர் ஒரு தேசத்துடன் பேசினார்.

அந்த 18 வருஷத்தில் சிகிச்சை அம்மையாரின் குரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடவில்லை. நேயர்களின் காதுதான் பழகிக்கொண்டது. நடுக்கத்தின் காரணம் இன்னதென்று தெரிந்ததும், குரலைத் தாண்டிக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்தது. நமது ரசிகர்களுக்கு இது புதிய விஷயமா? சாரீரம் கெட்டுப்போன வயோதிக வித்வானின் கச்சேரிக்கு ஜனங்கள் போவதில்லையா? மேல் ஸ்தாயியில் எட்டாத இடத்தை அவர் கையால் காட்டிவிட்டு நிறுத்தும்போது, "ஆஹா, என்ன ஞானம்!" என்று தலையாட்டுவதில்லையா? பாட்டுக்கே காட்டும் இந்தப் பொறுமையைப் பேச்சுக்குக் காட்டமாட்டோம் என்பது விந்தையிலும் விந்தை.

பேசுகிறவரின் அந்தஸ்தைப் பொறுத்து இந்தப் பொறுமை கூடுவதையும் குறைவதையும் கவனிக்க வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்குவாய் உண்டு. 1936 டிசம்பரில் அவர் பட்டத்துக்கு வந்தபோது, காண்டர்பரி ஆர்ச்பிஷப் லாங் ரேடியோவில் பேசினார். மன்னரின் பேச்சில் சிற்சில சமயம் தடை நேரும், அதனால் அவரே சங்கடப்படாதபோது கேட்பவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை என்ற பொருள்பட அந்த மதகுரு தேசத்தாருக்கு எடுத்துச் சொன்னார். 1939 செப்டம்பர் 3-ம் தேதி, யுத்தம் மூண்டதை அறிவிக்க மன்னர் பேசியபோது, சாம்ராஜ்யம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அதையே சினிமாவாக எடுத்து, 2011-ல் அதற்கு ஆஸ்கர் பரிசும் வழங்கினார்கள். காந்தியடிகளை 1931-ல் அரைநிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்த சர்ச்சிலுக்கு 'ஸ' என்ற ஒலி சரியாக வராது; அவருடைய யுத்தகால ரேடியோப் பிரசங்கங்களில் அது கம்பீரத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. அவ்விருவரின் ஆட்சிக்கும் இந்நாட்டார் விரோதிகளாயிருந்தவர்களே. மன்னர் பட்ட சிரமத்தை நாம் குறைத்துப் பேசவில்லை; அதற்காக இரங்கவே செய்கிறோம். ஆனால் சாதாரண அறிவிப்பாளர் ஒருவருக்காக எந்த மதகுரு பரிந்து பேசினார்?

1976-ல் பார்பரா வால்டர்ஸ் என்ற அம்மையார், அமெரிக்காவின் பெரிய டெலிவிஷன் கம்பெனி ஒன்றின் மாலைச் செய்தியைக் கூட்டாக நடத்தும் முதல் ஸ்திரீயாக நியமனம் பெற்றார். அவருக்கு ரகரமும் லகரமும் திருத்தமாக வராது. அதே வருஷத்தில் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சி அவரைப் 'பாபா வாவா' ஆக்கித் தேசத்தையே சிரிக்க வைத்தது. சர்ச்சிலுக்குக் கம்பீரமானது வால்டர்ஸுக்குக் கேலியாயிற்று.

நம் நாட்டின் நிலைமையைச் சொல்லவும் வெட்கமாயிருக்கிறது. தமிழ் சினிமாவில் திக்குவாய்ப் பாத்திரம் என்றால் சிரிப்புக்கு என்று அர்த்தம். சினிமாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எதிர்க்கட்சிப் பேச்சாளரின் நாக்குழறலை மேடையில் நடித்துக் காட்டி நமது தேசபக்தர்களே கைதட்டல் வாங்குவதை நாம் பல கூட்டங்களில் கண்டிருக்கிறோம். எதிரியின் வாதத்துக்குப் பதில் இல்லாதவன் அவன் நாக்கைப் பிடித்துக்கொள்கிறான். கூட்டமும் சிரிக்கிறது. அக்கூட்டத்தின் கடைசி வரிசையில் திக்குவாயுள்ள வாலிபன் ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவன் இனி மேடை ஏறுவானா? ரேடியோ நிலையத்தின் வாயிற்படியைத்தான் மிதிப்பானா?

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் வியாக்கியானத்தில் உதாரணமாகச் சொல்லப்படுபவை குரல்வளையை அறுத்தெடுத்த நிலையும், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்த நிலையுமே. திக்குவாய் என்ற பெயர் அதில் இல்லை. வக்கீல்கள் இரு பக்கமும் வாதாட இது இடங்கொடுக்கும். அந்தச் சந்தேகத்தைப் பார்லிமெண்டு தீர்த்துவைப்பது நலம். 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, சினிமாவில் மாற்றுத் திறனாளிகளைச் சித்தரிப்பது சம்பந்தமான வழக்கில், குறையுள்ளவரை இழிவுபடுத்தும் ஹாஸ்யம் வேறு, குறையைப் பற்றி உலகத்துக்கு அறிவு புகட்டும் ஹாஸ்யம் வேறு என்று பிரித்துக் காட்டியது. மேடைப் பேச்சாளர்கள் அத்தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

ஓர் ஆட்சேபத்துக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். புயல் எச்சரிக்கை வாசிக்கும்போது கடற்கரையில் உள்ளவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஒரே தடவையில் விளங்க வேண்டாமா? வேண்டும். அந்த வேலைக்குத் தெளிவான குரலையே பொறுக்கி எடுப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரேடியோவில் நாள் முழுவதும் புயல் எச்சரிக்கையா வாசிக்கிறார்கள்? சம்பாஷணை உண்டு, விவாதம் உண்டு, புஸ்தக விமரிசனம் உண்டு, விவசாயிகளுக்கான பேச்சு உண்டு. இவற்றுக்கு வேண்டியது விஷய ஞானமும், மடக்கிக் கேட்கும் துணிவும். இவற்றுக்கும் அதே குரல் பரீட்சையை வைத்து ஆளைத் தள்ளுவது எந்த நியாயம்?

நிலைய அதிகாரிகள் இந்தப் பரீட்சையை வேலைக்குத் தக்கபடி பிரித்து வைக்கட்டும். திக்குவாயுள்ளவருக்குப் பத்து நிமிஷப் பேச்சுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகுமானால், அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்கட்டும்; இடையில் போடும் விளம்பரங்களில் ஒன்றைக் குறைத்தால் அது தாராளமாய்க் கிடைக்கும். நிகழ்ச்சித் தொடக்கத்தில், பேசுபவர் சம்மதித்தால், விஷயத்தை ஒரு வரியில் நேயர்களுக்குத் தெரிவிக்கட்டும். "இந்தக் குரலை நிறுத்துங்கள்" என்று கடிதம் வந்தால், பேசியவர் சொன்னதில் என்ன பிழை கண்டீர்கள் என்று அந்த நேயருக்குப் பதில் எழுதிக் கேட்கட்டும்.