தாமிர பெப்டைடு: பூச்சு வேறு, ஊசி வேறு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் சிலர், அண்மைக் காலமாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, இந்த நீல நிற மருந்தைப் பயன்படுத்தலாமா என வினவுகின்றனர். முடி உதிர்வுக்கும் முகச் சுருக்கத்துக்கும் தீர்வு என விற்கப்படும் தாமிர பெப்டைடே அது. சீரமாகப் பூசுவது குறித்துக் கேட்பவரும் உண்டு. தலைத்தோலில் ஊசியாகச் செலுத்திக்கொள்ள முன்பணம் கட்டிவிட்டு வந்து கேட்பவரும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றன்று.

இப்பொருள் புதியதன்று. அமெரிக்க உயிர்வேதியியலாளர் லோரன் பிக்கார்ட் 1973 ஆம் ஆண்டு மனிதக் குருதிநீரில் இதைக் கண்டறிந்தார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு துணுக்கு இது. தாமிர அயனியைப் பற்றிக்கொண்டதும் நீல நிறம் பெறும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதிக்கும், முடிக்குக் கருமை தரும் மெலனினை உருவாக்கும் நொதிக்கும் தாமிரம் தேவை. ஆகவே ஆய்வாளர்கள் இதில் ஆர்வம் கொண்டதில் வியப்பில்லை. ஆயினும், உடலுக்கு ஒரு பொருள் தேவை என்பதும், அதைக் கூடுதலாகச் செலுத்தினால் முடி வளரும் என்பதும் ஒன்றல்ல. (செப்புக்குட நீரைப் பருகினால் முடி அடர்த்தியாகும் என்னும் நம்பிக்கைக்கும் இதே மறுமொழிதான். எள், நிலக்கடலை, பருப்பு வகைகள் இடம்பெறும் நம் உணவில் தாமிரக் குறைபாடு அரிது.)

சான்றுகள் எவ்வளவு வலுவானவை? கொரிய ஆய்வாளர்கள் 2007 ஆம் ஆண்டு இதையொத்த வேறொரு தாமிர பெப்டைடை, உடலிலிருந்து பிரித்தெடுத்த மனித முடிவேர்களில் ஆய்வகத்தில் செலுத்தியபோது அவை நீண்டு வளர்ந்தன. 2016 ஆம் ஆண்டு அதே நாட்டில் 45 ஆண்களிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வில் முடி எண்ணிக்கை கூடியது. விளம்பரங்களில் இவ்வகை ஆய்வுகளே சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால் முதலாவது ஆய்வு நோயாளிகளிடம் நடந்ததன்று. இரண்டாவதில் பூசப்பட்டது வேறொரு வேதிப்பொருளுடன் சேர்ந்த பெப்டைடு. பலன் எதனால் விளைந்தது எனப் பிரித்துக் கூற இயலாது. முகத்தோல் தொடர்பான ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. மரபுவழி வழுக்கைக்குப் பல்லாண்டுச் சான்றுடன் உள்ளவை மினாக்சிடிலும் பினாஸ்டெரைடும் ஆகும். பினாஸ்டெரைடைக் கருவுற்றிருப்போர் உட்கொள்ளலாகாது; பிறரும் மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளலாகாது.

பூச்சாகப் பயன்படுத்துவோர் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. சிலருக்கு எரிச்சலும் சிவப்பும் ஏற்படலாம். முழங்கை உட்புறத்தில் சில நாட்கள் சிறிதளவு பூசிப் பார்த்துத் தொடங்குவது நல்லது. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் தம் சிகிச்சை மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் பணமே.

ஊசி அவ்வாறன்று. 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அழகுசாதனத்தைத் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்ற வகையில் உடலில் இடப்படும் பொருளாகவே விளக்குகிறது. ஊசி வழியே தோலுக்குள் செல்லும் பொருள் மருந்தாகும். அதற்கு மருந்துக்குரிய அனுமதி வேண்டும். இணையத்தில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்னும் சீட்டுடன் வரும் தூள் குப்பிகள் மருந்தல்ல. அவற்றின் தூய்மைக்கோ நுண்ணுயிர் நீக்கத்துக்கோ எவரும் பொறுப்பேற்பதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஆம் ஆண்டு இதன் ஊசி வடிவத்தைப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தூய்மையற்ற ஊசிகளால் மாதக்கணக்கில் ஆறாத மைக்கோபாக்டீரியக் கட்டிகள் உண்டாவதை மருத்துவ உலகம் நன்கறியும். நம்மவரின் நிறத்தோலில் சிறு அழற்சியும் கரும்புள்ளியாக நிலைத்துவிடக் கூடும். வீட்டில் நுண்ணூசி உருளையால் தோலைத் துளைத்து அதன்மேல் சீரத்தை ஊற்றுவதும் பூச்சாகாது. அது ஊசிக்கு நிகரானதே.

செய்பவர் யார் என்பதும் பொருளைப் போலவே முக்கியம். 2016 ஆம் ஆண்டு சென்னையில் முடிமாற்றுச் சிகிச்சைக்கு உட்பட்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்குகளில் கலந்துகொள்வதும் யூடியூப் காணொளிகளைப் பார்ப்பதும் இத்தகைய சிகிச்சைக்குரிய பயிற்சியாகா எனத் தெளிவாகக் கூறுகிறது. எனவே நிலையத்தின் பெயர்ப்பலகையை விட, சிகிச்சை செய்பவரின் மருத்துவப் பதிவு எண்ணையும், மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அந்நிலையம் பெற்ற பதிவுச் சான்றிதழையும் பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குள்ள பெருங்கவலை வேறொன்று. முடி உதிர்கிறது என வரும் பெண்களில் பலர் சோகையோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்கள். தேசிய குடும்ப நல ஆய்வு 5 இன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை உள்ளது. மகப்பேறு, டெங்கு, கடுங்காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பின் இரண்டு, மூன்று மாதங்களில் கொத்தாக முடி கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் தானே நின்று மீண்டும் வளரும். அவ்வேளையில் எதைப் பூசினாலும் அதுவே வளர்த்ததாகத் தோன்றும். இரத்தக் குறைவோ தெரியாமலே தொடரும். ஆகவே முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேவையெனில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைக் காணுங்கள். வட்டமாக முடி உதிர்தல், தலைத்தோலில் வலி, சீழ், தழும்பு ஆகியவை இருப்பின் காலம் தாழ்த்த வேண்டாம்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு வீக்கமோ காய்ச்சலோ ஆறாத கட்டியோ உள்ளவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டால் உடனே 108 ஐ அழையுங்கள். பக்கவிளைவை 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம், ஆலோசனைக்கு 104. குப்பியையும் ரசீதையும் எறிந்துவிடாமல் உடன் எடுத்து வாருங்கள்.