பூச்சாண்டியும் மஞ்சள் விளிம்பும்

"சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று உம்மா மிரட்டுகிறார். "இன்னொரு முறை பார்த்தால் கைப்பேசியை உடைத்துவிடுவேன்" என்று வாப்பா உறுமுகிறார். பூச்சாண்டியும் வருவதில்லை, கைப்பேசியும் உடைவதில்லை. நம் எச்சரிக்கைகளைப் பிள்ளைகள் ஏன் பொருட்படுத்துவதில்லை என்று அறிய, பவளப்பாறைக்குச் சற்றே சென்று வருவோம்.

அங்கே ஓடற்ற கடல் நத்தைகள் வாழ்கின்றன. விரலளவே ஆன மெல்லுடல். வேகமாக விலகிச் செல்லவும் இயலாது. சுற்றிலும் பசியோடு திரியும் மீன்கள். ஆயினும் அவற்றுள் பல ஒளிந்து வாழ்வதில்லை. கண்ணைப் பறிக்கும் நிறங்களோடு பட்டப்பகலில் ஊர்கின்றன. தம் நிறத்தைக் காணும் பார்வைத் திறன்கூட அவற்றுக்கு இல்லை. அந்த அழகு முழுவதும் மீனின் கண்ணுக்காகவே அமைந்தது: "என்னைத் தின்னாதே" என்னும் அறிவிப்பு அது.

அறிவிப்பின் பின்னே உண்மையும் இருக்கிறது. இந்நத்தைகளுள் பல, நச்சுடைய கடற்பஞ்சுகளைத் தின்று, அந்நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. குரோமோடோரிஸ் இனத்தைச் சேர்ந்த ஐந்து வகை நத்தைகளை ஆராய்ந்தபோது, 'லாட்ரன்குலின் ஏ' என்னும் கடும் நஞ்சை அவை உடலின் ஓர விளிம்பில் தேக்கி வைத்திருப்பது தெரியவந்தது. கடிக்க வரும் மீனின் வாய் எளிதில் படும் இடம் அதுவே.

ஆஸ்திரேலியக் கடலில் வாழும் மற்றொரு நத்தை, கோனியோபிராங்கஸ் ஸ்ப்ளெண்டிடஸ். வெண்ணிற உடல், சிவப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. புள்ளிகள் நத்தைக்கு நத்தை மாறுபடும்; விளிம்போ பெரிதும் மாறுவதில்லை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை வடிவங்களைக் கொண்டு கிளாத்தி மீன்களைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். மீன்கள் மஞ்சள் விளிம்பைப் பார்த்தே விலகக் கற்றன. புள்ளிகளை அவை பொருட்படுத்தவில்லை. மாறாத ஒன்றே பாடமாயிற்று.

இன்னொன்றும் உண்டு. நஞ்சில்லாத உயிர்கள் நச்சுயிர்களின் நிறத்தைப் போலியாக அணிவது இயற்கையில் உண்டு. அத்தகைய போலிகள் பெருகினால், மீன் துணிந்து கடிக்கும்; உண்மையான எச்சரிக்கையும் மதிப்பிழக்கும். நம் வீட்டுப் பூச்சாண்டி செய்யும் வேலையும் இதுதான். நூறு பொய் மிரட்டல்களைக் கேட்டுப் பழகிய பிள்ளை, நாம் மெய்யாகவே அஞ்சிச் சொல்லும் நூற்றோராவது சொல்லையும் காற்றில் விடுகிறது. ஆழக் கிணற்றருகே போகாதே, அறியாதவரோடு இணையத்தில் பேசாதே என்பன அப்படிப்பட்ட சொற்கள்.

பிள்ளைகள் மீன்களல்லர், அச்சத்தால் மட்டும் அவர்களை வளர்க்க முடியாது என்பது சரியே. நத்தையும் அச்சத்தை மட்டும் நம்பி வாழவில்லை. கடித்த மீன் கசப்பறிந்து உமிழ்கிறது. அடுத்த முறை விலகிச் செல்கிறது. நத்தையும் பிழைக்கிறது, மீனும் பிழைக்கிறது. இருவரையும் காப்பதே நல்ல எச்சரிக்கை.

ஆகவே வீட்டில் விதிகள் சிலவாக இருக்கட்டும். அவை இன்றொன்று நாளையொன்று என மாறாதிருக்கட்டும். உம்மா மறுத்ததை வாப்பா அனுமதிக்க வேண்டாம். சொன்ன விளைவு சிறிதாயினும் சொன்னபடியே நடக்கட்டும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களிடம் நாம் சொல்லும் "வேண்டாம்" என்ற சொல் மெய்யாக இருப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.