படுத்திருப்பது மட்டும் ஓய்வன்று

மகளின் உடற்பருமனைக் குறைப்பதற்கான அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஓர் அன்னை நமக்கு மடல் எழுதியுள்ளார். "அறுவை நடந்த அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும் என்கிறார்கள். வயிற்றில் தையலுடன் பிள்ளையை எப்படி நடக்க விடுவது? பத்து நாளாவது அசையாமல் படுக்க வைக்கலாகாதா?" என்பது அவர் வினா. பிள்ளை பெற்றவளையும் நோயுற்றவரையும் பாயைவிட்டு எழவிடாமல் காப்பதே அன்பு என்று வழிவழியாகப் பழகிய நமக்கு இவ்வினா இயல்பாகவே எழும். ஆயினும் இந்த அறுவையைப் பொறுத்தவரை, அசையாமல் படுத்திருப்பதே ஆபத்துக்கு வழி திறப்பதாகும் என்பதை அத்தாய்க்கும், அவரைப் போன்ற பிறர்க்கும் விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேல்நோக்கி இதயத்திற்குத் தள்ளுகிறது. கிணற்றில் இறைப்பவர் கை ஓய்ந்தால் நீர் அடியிலேயே கிடப்பதுபோல, இத்தசை ஓய்ந்தால் இரத்தம் காலின் ஆழ்ந்த நாளங்களில் தேங்கும். தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகலாம். கட்டி அங்கேயே கிடந்தால் கால் வீங்கி வலிப்பதோடு போகும். அது பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு சென்று நுரையீரலின் குழாயை அடைத்துவிட்டாலோ, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில நிமிடங்களில் உயிர் துறக்கவும் கூடும். காலில் பிறந்த கட்டியே நுரையீரலை அடைக்கிறது என்பதைப் பெர்லின் நகர மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எடுத்துக்காட்டினார்.

பருமனானவர்க்கு இந்த ஆபத்து ஏன் மிகுதி? வயிற்றின் சுமை, காலிலிருந்து மேலேறும் நாளங்களை அழுத்துகிறது. கொழுப்புத் திசுவே இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் பொருள்களைச் சுரக்கிறது. இவற்றோடு அறுவை மேசையில் நிகழ்வனவும் சேர்கின்றன. மயக்க மருந்தினால் தசைகள் தளர்கின்றன. சிறு துளைகள் வழியே அறுவை செய்வதற்காக வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைக்கிறார்கள். மேசையின் தலைப்பக்கத்தையும் உயர்த்துகிறார்கள். இரத்தம் காலில் தங்குவதற்கு வேறென்ன வேண்டும்! எனினும் அன்னையர் அஞ்ச வேண்டா. உரிய தடுப்பு முறைகளோடு செய்யப்படும்போது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இக்கட்டி தோன்றுகிறது. ஆனால் இவ்வறுவைக்குப் பின் நேரும் அரிய இறப்புகளுக்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று என்பதால், மருத்துவர் இதனை எளிதாகக் கருதுவதில்லை.

தடுப்பு, அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குகிறது. புகைப்பவர் அதனை அறவே விட வேண்டும். தமக்கோ பெற்றோர் உடன்பிறந்தார்க்கோ முன்பு இரத்தக்கட்டி வந்திருப்பின் அதனை மறைக்கலாகாது. இங்கே இளம்பெண்களின் அன்னையர்க்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பருமனான பெண்கள் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. அதனைச் சீராக்கவென்று ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளை மருத்துவர் தருவதுண்டு. இம்மாத்திரை இரத்தத்தை உறையும் இயல்புடையதாக்கும். "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறாயா?" என்று அறுவை மருத்துவர் வினவும்போது, நாணத்தினாலோ, இதெல்லாம் மருந்தா என்ற எண்ணத்தினாலோ நம் பெண்கள் வாய் திறப்பதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். பொதுவாக அறுவைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரே அதனை நிறுத்தச் சொல்வார்கள். விழாவுக்காகவோ பயணத்திற்காகவோ விலக்கைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் மறவாமல் குறிப்பிடுக.

மருத்துவமனையில் காலைச் சுற்றி உறைபோன்ற ஒன்றை மாட்டுவார்கள். அது காற்றால் உப்பியும் தளர்ந்தும், கெண்டைக்கால் தசை செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்யும். உறுத்துகிறது என்று அதனைக் கழற்றி வைப்பது தவறு. கடையில் வாங்கும் இறுக்கமான காலுறை பருத்த காலில் சுருண்டு கயிறுபோல் இறுக்கிவிடக் கூடும். எனவே அதனை மருத்துவரைக் கேளாமல் அணிய வேண்டா.

அடுத்தது ஹெப்பாரின் என்னும் ஊசி மருந்து. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையாமல் தடுக்கும் பொருளைக் கண்டார்! அறுவை நோயாளிகளுக்கு அதனைச் சிறு அளவில் முன்கூட்டியே தந்தால் என்ன நிகழும் என்பதை, இலண்டனிலிருந்து விஜய் கக்கர் என்னும் அறுவை மருத்துவரின் தலைமையில் பல நாட்டு மருத்துவர்கள் சோதித்து, 1975-இல் முடிவை வெளியிட்டனர். 4,000-க்கு மேற்பட்ட நோயாளிகளுள் ஊசி பெறாத பாதிப் பேரில் 16 பேரும், பெற்ற பாதிப் பேரில் இருவருமே நுரையீரல் அடைப்பால் இறந்தனர். இன்று அதன் வழிவந்த எனாக்ஸாபரின் போன்ற மருந்துகள் பெரிதும் பயன்படுகின்றன. உடல் எடைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ப அளவு மாறும். மிகுந்தால் இரத்தக்கசிவு உண்டாகும். ஆதலால் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தந்த அளவோடு ஒப்பிட்டு மனம் கலங்குதல் வேண்டா.

மடல் எழுதிய அன்னை ஊன்றிப் படிக்க வேண்டியது இனி வருவதே. இக்கட்டிகளுள் பெரும்பாலானவை மருத்துவமனையில் அல்ல, வீடு திரும்பியபின் முதல் மாதத்திலேயே வெளிப்படுகின்றன. ஆகவே ஆபத்து மிகுந்தவர்க்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை வீட்டிலும் ஊசியைத் தொடரச் சொல்வார்கள். "பிள்ளைதான் நடமாடுகிறாளே, இனி எதற்கு ஊசியும் செலவும்?" என்று இடையில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. நிறுத்த வேண்டா. வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. சிறிது கன்றிப் போதல் இயல்பே. மலம் கறுத்துத் தார்போல் போனாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்க. வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்குவதும் கூடாது. சிறுத்த இரைப்பைக்கும் அது பகை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரைப்பை சிறுத்துவிட்டதால் ஒரே மூச்சில் ஒரு குவளை நீர் பருக இயலாது. தாகம் தீர்ந்ததென்று விட்டுவிட்டால் உடலில் நீர் வற்றி இரத்தம் தடிக்கும். கரண்டி கரண்டியாக, வாய் வாயாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் உள்ளே செல்ல வேண்டும். இது அன்னையின் கைக்குரிய வேலை. பொறுமை மிக வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, சூடு. திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கையில் நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், காரணமின்றி நெஞ்சு படபடத்தல்: இவற்றுள் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே புறப்படுக. குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் நாளத்திலும் அரிதாக இக்கட்டி தோன்றுவதுண்டு. ஆதலால் வீடு வந்தபின் ஓயாது வயிறு வலித்தால் அதனை வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் தந்து நாளைக் கடத்தலாகாது.

எனவே அம்மையே, அன்று மாலை செவிலியர் வந்து அழைக்கும்போது மகளின் தோளைத் தாங்கி எழுப்புங்கள். முதலில் கட்டிலோரம் அமர்த்தி, தலைசுற்றல் தணிந்தபின் வாயில்வரை நடத்திச் செல்லுங்கள், பிறகு படுக்கட்டும். விழித்திருக்கும் வேளையில் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பும்போது காரில் மணிக்கொருமுறை நிறுத்தி, இறங்கிச் சிறிது நடக்கச் செய்யுங்கள். வீட்டில் அவளுக்குரிய கட்டிலைக் குளியலறைக்கு வெகு அருகில் போட வேண்டா. நான்கு அடி கூடுதலாக நடக்கட்டும்.