ஹார்ட் டிஸ்க் சாகவில்லை ஐயா!

போன மாதம் எங்கள் மளிகைக் கடை கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. 2011-ல் அசெம்பிள் செய்த பெட்டி. அப்பாவின் பில்லிங் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது என்பதால் இன்னும் எக்ஸ்பிதான். (இணையம் கிடையாது, திட்டாதீர்கள்.) ஊர்ப் பாக்கி மொத்தமும் அதற்குள்.

சர்வீஸ் கடைக்காரர் எக்ஸ்பி சிடியைப் போட்டார். கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தது. "டிஸ்க் போயிடுச்சுண்ணே, புதுசுதான் போடணும்" என்றார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் பயாஸுக்குள் நுழைந்து பார்த்தேன். டிஸ்க்கின் பெயர், கொள்ளளவு எல்லாம் ஜம்மென்று இருக்கிறது! தேதி மட்டும் பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி காலி. அதனால் செட்டிங் எல்லாம் பழையபடி மாறி, ஐடிஇ முறையில் இருந்த சாட்டா கன்ட்ரோலர் ஏஎச்சிஐ முறைக்குப் போயிருக்கிறது.

விண்டோஸ் டிஸ்க்கோடு நேராகப் பேசாது. நடுவில் கன்ட்ரோலர், அதோடு பேச டிரைவர் வேண்டும். எக்ஸ்பி வந்தது 2001-ல், ஏஎச்சிஐ வந்தது 2004-ல். பிறக்காத பிள்ளையின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? நிறுவும்போது எஃப்6 அழுத்தி டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பிக்கு நான் எங்கே போவேன்? விஸ்டாவில்தான் அந்த டிரைவர் கூடவே வந்தது.

40 ரூபாய்க்குப் பேட்டரி வாங்கிப் போட்டு, மறுபடி ஐடிஇ என்று மாற்றினேன். எக்ஸ்பி எழுந்துவிட்டது.

கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் கோபம் அந்தச் செய்தி மேல்தான். "எனக்குத் தெரிந்த கன்ட்ரோலர் எதுவும் இங்கே இல்லை" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் டிஸ்க் மேல் பழி விழுந்திருக்காது. இன்றைக்கும் இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்பில் விஎம்டி ஆன் ஆகியிருந்தால், விண்டோஸ் நிறுவும்போது டிரைவ் இல்லை என்றுதான் முதலில் சொல்லும். டிரைவரை ஏற்ற ஒரு பொத்தானாவது காட்டுகிறது, பென் டிரைவில் கொடுத்தால் போதும். அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஒன்று மட்டும். நன்றாக ஓடும் விண்டோஸில் இந்த செட்டிங்கைச் சும்மா மாற்றிப் பார்க்காதீர்கள், அதே நீலத் திரை வரும்.

அப்பா இப்போது பாக்கியை நோட்டிலும் எழுதிக்கொள்கிறார்.