சத்தம் செய்யும் ரசாயனம்!

சோறு ஆக்கத் தீ வேண்டும். ரசாயனத் தொழிலுக்கும் தீ வேண்டும். இரண்டு பொருள்களைச் சேர்த்து மூன்றாவது பொருளை உண்டாக்குவதற்குப் பெரிய பெரிய கொப்பரைகளைக் காய்ச்சுகிறார்கள், மணிக்கணக்கில் கலக்குகிறார்கள்.

அந்த வேலையைச் சத்தம் செய்யுமா? செய்யும்! ஆனால் அது நம் காதில் விழாத சத்தம்.

விநாடிக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல் அதிரும் ஒலி மனிதனுக்குக் கேட்பதில்லை. அதனால் அதற்குக் "கேளா ஒலி" என்று பெயர். ஆஸ்பத்திரியில் வயிற்றை "ஸ்கேன்" செய்து பார்ப்பதும் இந்த ஒலியால்தான். அது மென்மையானது. ரசாயனத்துக்கு வேண்டியதோ மிக வலிமையானது.

குமிழியின் வேலை

இந்த ஒலியைத் திரவத்தில் பாய்ச்சினால், திரவம் ஒரு கணம் இழுபடும். மறு கணம் அமுக்கப்படும். இழுபடும்போது மிக நுண்ணிய குமிழிகள் தோன்றி வளரும். பிறகு சட்டென்று நசுங்கும்.

நசுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் உண்டாகும் உஷ்ணம் சுமார் 5 ஆயிரம் டிகிரி! ஏறக்குறைய சூரியனின் மேற்பரப்பில் உள்ள உஷ்ணம். அழுத்தமோ, சாதாரணக் காற்றின் அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு. ஆனாலும் பாத்திரம் கொதிப்பதில்லை. குமிழி அவ்வளவு சிறியது. கண் இமைப்பதற்குள் அந்தச் சூடு மறைந்துவிடுகிறது.

இதைக் கொண்டு ரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தலாம் என்று 1927-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அரை நூற்றாண்டு காலம் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1980-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூஷ் லித்தியம் உலோகத்தை வைத்துச் சோதனை செய்தார். ஈரம் துளியும் இருக்கக் கூடாது என்று கருதப்பட்ட வேலை அது. முழுவதும் உலராத திரவத்திலேயே அது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. உலோகத்தின் மேல் மூடியிருந்த படலத்தைக் குமிழிகள் சுரண்டி எடுத்ததே காரணம்.

நமக்கு என்ன பயன்?

சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், தோலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு இந்த ஒலியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். சாயம் விரைவில் உள்ளே இறங்கியது. தோல் குடித்த சாயம் அதிகம்; கழிவு நீரில் போன சாயம் குறைவு.

இது சின்ன விஷயம் அல்ல. தோல் பதனிடும் ஊர்களில் கிணற்று நீர் கெட்டுப்போன கதையை வேலூர் வட்டாரத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். வீணாகும் ஒவ்வொரு பிடி சாயமும் யாரோ ஒருவருடைய குடிநீரில்தான் போய்ச் சேருகிறது.

ஆனால் கேளா ஒலி சர்வரோக நிவாரணி அல்ல. அதற்கு மின்சாரம் வேண்டும். ஒலியைப் பாய்ச்சும் உலோக முனை நாளடைவில் அரிக்கப்படுகிறது. சிறு குடுவையில் நன்றாக நடப்பது பெரிய தொட்டியில் நடக்காமல் போகலாம். முனையை விட்டு விலக விலக ஒலியின் பலம் குறைந்துவிடும். எல்லா ரசாயன மாற்றத்துக்கும் இது உதவுவதும் இல்லை.

ஆகவே, புதுமை என்பதற்காக வாங்கவும் வேண்டாம். செலவு என்று ஒதுக்கவும் வேண்டாம். மின்சாரச் செலவு எவ்வளவு, மிச்சமாகும் நேரமும் சாயமும் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஊர்க் கிணற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு தொழிற்சாலைகள் தனியாக இதைச் செய்ய முடியாது. பல முதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து சோதனை நடத்தட்டும். சர்க்கார் அதற்குக் கை கொடுக்கட்டும்!