தையல் இல்லை, கட்டு இல்லை... ஆனாலும் ஓய்வு தேவை! கர்ப்பப்பை வாய் லேசர் சிகிச்சைக்குப் பிறகு கவனிக்க வேண்டியவை

காலையில் மருத்துவமனைக்குப் போனவர் பெரும்பாலும் சாயங்காலமே வீடு திரும்பிவிடுகிறார். வயிற்றில் தையல் இல்லை, கட்டும் இல்லை. `ஒண்ணுமில்லையாமே?' என்று விசாரித்துவிட்டு, தண்ணீர்க் குடத்தையும் கரண்டியையும் அவரிடமே நீட்டுகிறது குடும்பம். கர்ப்பப்பை வாயில் லேசர் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்களுக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். உள்ளே காயம் உண்டு, வெளியே தெரிவதில்லை.

பேப் ஸ்மியர், ஹெச்.பி.வி பரிசோதனைகளைத் தொடர்ந்து, கால்போஸ்கோப்பியில் உறுதியாகும் மாறுபட்ட செல்களை லேசர் கதிரால் அழிப்பதே இந்தச் சிகிச்சை. பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. கவனிக்காமல் விட்டால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை.

எவையெல்லாம் இயல்பானவை?

ஓரிரு நாள்களுக்கு மாதவிடாய் வலி போன்ற லேசான வலி இருக்கும். 2 முதல் 4 வாரங்கள் வரை நீர்போலவோ, பழுப்பு நிறத்திலோ, சிறிது ரத்தம் கலந்தோ கசிவு இருக்கலாம். அடுத்த மாதவிடாயில் உதிரப்போக்கு சற்று அதிகமாகலாம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

சுமார் 4 வாரங்களுக்குத் தாம்பத்திய உறவு, டாம்பூன், மென்ஸ்ட்ருவல் கப் வேண்டாம். நாப்கின் மட்டும் போதும். கசிவு நிற்கும்வரை நீச்சல் கூடாது. முதல் சில நாள்களுக்குக் குடம், சிலிண்டர் தூக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வழக்கமான மாதவிடாயைவிட அதிக ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் கசிவு, காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

குழந்தை பிறக்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் கருத்தரிப்பதில் பாதிப்பு ஏற்படுவதில்லை. ஆனால், கர்ப்பமானதும் இந்தச் சிகிச்சை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வேண்டாம்

ஹெச்.பி.வி மிகப் பரவலான வைரஸ். எப்போதோ தொற்றியது, பல வருடங்கள் கழித்துத் தெரியவரலாம். கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ சந்தேகிக்க இதில் காரணம் இல்லை.

கசிவு நின்றதும் பலர் மறந்துவிடுவது அடுத்த பரிசோதனையை. பொதுவாக 6 மாதங்கள் கழித்து வரச் சொல்வார்கள். செல்கள் மீண்டும் மாறியிருந்தால் அதில்தான் தெரியும். பிள்ளைகளின் தடுப்பூசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கும் அம்மாக்கள், தங்களுக்காகவும் ஒரு தேதியை வட்டமிடலாமே!